குழித்துறையில் பங்கு வழக்கு: முதல் முறை வக்கீலைப் பார்க்கப் போகும் சகோதரிக்கு

உங்கள் கேள்வியின் சாரம் இது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் அப்பா பெயரில் ஒரு ரப்பர் விளையும் (தோட்டமும்) ஒரு வீடும் இருக்கின்றன. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். நீங்கள் கத்தாரில் நர்ஸாக வேலை பார்க்கிறீர்கள். அண்ணன் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, இப்போது விளையை விற்கவும் பேசுகிறார் என்று கேள்விப்படுகிறீர்கள். "கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, உனக்குப் பங்கு கிடையாது" என்கிறார். கிறிஸ்தவக் குடும்பம். அடுத்த மாதம் விடுமுறையில் வரும்போது அனுபவமுள்ள உள்ளூர் வக்கீலைப் பார்க்க வேண்டும். எப்படித் தேடுவது, எதைக் கையில் கொண்டுபோவது?

நான் வக்கீல் அல்லன். நாகர்கோவிலிலும் குழித்துறையிலும் சிவில் வக்கீல்களிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கின் முடிவைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் முதல் நாள் கட்சிக்காரர் கொண்டுவரும் காகிதக் கட்டும், அவர் மறைக்காமல் சொல்லும் விவரமும் பிறகு வரும் வருடங்களை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன்.

முதலில் அவசரம். அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவுதான், அது உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆகவே பட்டா மாறியதால் மட்டும் உங்கள் பங்கு போய்விடவில்லை. ஆனால் அந்தப் பட்டாவைக் காட்டி அண்ணன் வேறொருவருக்கு விலைப் பிரமாணம் (விற்பனைப் பத்திரம்; நம் ஊரில் பத்திரத்தைப் பிரமாணம் என்போம்) எழுதிக் கொடுத்துவிட்டால், பணம் கொடுத்து வாங்கியவர் என்று மூன்றாவது ஆள் ஒருவர் வந்து நிற்பார். வழக்கு சிக்கலாகும், நீளும். வழக்கு தாக்கலான பிறகு நடக்கும் விற்பனை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது. தாக்கலுக்கு முன்பு விற்பதற்கும் பின்பு விற்பதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. விற்பனையைத் தடுக்க இடைக்காலத் தடை கேட்கலாம். அதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதா வேண்டாமா என்பதை உங்கள் வக்கீல் முடிவு செய்யட்டும். சில நேரங்களில் நோட்டீஸே எதிராளியை அவசரப்படுத்திவிடும். தொலைபேசியிலாவது இந்த வாரமே ஒருவரிடம் பேசுங்கள்.

அண்ணன் சொல்லும் நகைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1916-இல், மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் 1092-இல், திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி மகளுக்கு, மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். ஸ்திரீதனம் (கல்யாணத்தின்போது மகளுக்குக் கொடுக்கும் நகை, பணம்) கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதல் அந்தச் சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணையும்வரை குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. ஆகவே அந்தத் தீர்ப்பு நம் ஊர்க் குடும்பங்களுக்கும் பொருந்துகிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. தகப்பனார் உயிரோடு இருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் கல்யாண நகையைக் காட்டிப் பெண்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இங்கே இன்னும் ஓயவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

இவ்வளவையும் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நீங்கள் பார்க்கப் போகும் வக்கீல் நகைப் பேச்சைக் கேட்டதும் இந்தப் பின்னணியைத் தாமாக எடுத்துப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். பேசுபவர் இந்த மண்ணின் சொத்து வழக்குகளை நடத்தியவர்.

உள்ளூர் அனுபவம் என்று நீங்கள் கேட்பது இதைத்தான். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் பெயர் பெற்ற சிவில் வக்கீலும் நம் பழைய பிரமாணங்களைப் பார்த்துத் திகைக்கக்கூடும். தாத்தா காலத்துப் பிரமாணம் மலையாள எழுத்தில் இருக்கும். தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். 1120 என்று எழுதியிருந்தால் அது 1944 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1945 ஆகஸ்ட் நடுவரை. மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். பழைய சர்வே எண் ஒன்று, ரீசர்வே எண் வேறொன்று. ஒற்றி (அனுபவத்தோடு அடமானம்), பாட்டம் (குத்தகை), ஸ்ரீபண்டாரவகை (கோயில் வகை நிலம்) என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்ட வரலாறு. நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழிக் குடும்பங்களின் (சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் குடும்பங்களின்) பழைய பாகப் பிரமாணம் என்றால் அது இன்னொரு உலகம். இந்தக் காகிதங்களை வாசித்துப் பழகியவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கும் குறையை, பழகாதவர் வழக்கு பாதி நடந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்.

நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் பாகப்பிரிவினை வழக்கு போட முடியும். உங்கள் சொத்துக்கு அது குழித்துறை. மதிப்பைப் பொறுத்து முன்சீப் கோர்ட்டா, சார்பு நீதிமன்றமா, நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றமா என்பது மாறும். நாகர்கோவில் வக்கீல் குழித்துறைக்கு வந்து நடத்தத் தடை ஏதுமில்லை. ஆனால் தினமும் குழித்துறையில் நிற்பவருக்கும், வாய்தா நாளில் மட்டும் வந்துபோகிறவருக்கும் நடைமுறையில் வேறுபாடு இருக்கிறது. இரண்டு நீதிமன்றங்களில் ஒரே நாளில் வழக்கு இருந்தால் எது தள்ளிப்போகும் என்று நேராகவே கேளுங்கள்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. ஆகவே பெரிய பலகையையும் சமூக ஊடக வீடியோவையும் வைத்துத் தேடாதீர்கள். தேட நல்ல வழிகள் இருக்கின்றன. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகள் பத்திரங்களைச் சரிபார்க்கச் சில வக்கீல்களிடம் அனுப்பும். அந்தப் பெயர்களை வங்கி மேலாளரிடம் கேட்கலாம். பத்திரம் வாசிப்பதே அவர்கள் அன்றாட வேலை. ஊரில் பங்கு வழக்கு நடத்தியவர்களைக் கேளுங்கள். வென்றவரை மட்டும் கேட்க வேண்டாம், தோற்றவரிடமும் "வக்கீல் ஒவ்வொரு கட்டத்திலும் உங்களிடம் விவரம் சொன்னாரா?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உண்மை அதிகம் இருக்கும். நீதிமன்ற விசாரணை பொதுவாக எல்லோரும் பார்க்கும்படி நடப்பது. நம்பகமான உறவினர் ஒருவரை ஒரு காலை நேரம் பின் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். யார் வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வந்து குறுக்கு விசாரணை செய்கிறார், யார் எழுந்ததும் வாய்தா கேட்கிறார் என்பது தானே தெரிந்துவிடும். நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் எந்த மாதிரி வழக்குகளில் ஆஜராகிறார் என்பதைத் தோஹாவில் இருந்தபடியே பார்க்கலாம். பெயர் பெற்றவர் என்று கேள்விப்பட்டவருக்குக் கிரிமினல் வழக்குகளே நிறைந்திருந்தால் அவர் உங்களுக்குரியவர் அல்லர், எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் சரி.

கோர்ட் வாசலில் நின்று "நல்ல வக்கீலிடம் கூட்டிப்போகிறேன்" என்பவரோடு போகாதீர்கள். "நீதிபதியை எனக்குத் தெரியும்" என்று சொல்லும் வக்கீல் எவராக இருந்தாலும் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு மூன்று பெயர்கள் கிடைத்ததும் தொலைபேசியில் முதலில் சொல்ல வேண்டியது உங்கள் கதை அல்ல, அண்ணனின் பெயரும் ஊரும். நம்முடையது சிறிய மாவட்டம். அண்ணன் ஏற்கெனவே அதே வக்கீலிடம் பட்டா மாற்றத்துக்காகப் போயிருக்கலாம். விளையை வாங்க வருபவர் அவருடைய பழைய கட்சிக்காரராக இருக்கலாம். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விஷயத்தில் எதிர்தரப்புக்கு ஆஜராக முடியாது. இதை முதல் நிமிடத்திலேயே கேட்டுத் தெளிந்துகொண்டால், உங்கள் விவரங்கள் வேண்டாத இடத்தில் கொட்டப்படாது. பெயரைக் கேட்டதும் "அவர் எனக்கு வேண்டியவர், நீங்கள் வேறொருவரைப் பாருங்கள்" என்று சொல்பவர் நேர்மையானவர். அவரிடமே வேறொரு பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

இனி காகிதங்கள். இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அப்பாவுக்குச் சொத்து எப்படி வந்தது என்று காட்டும் பிரமாணம், அதற்கு முந்தைய பிரமாணம், கிடைத்தால் அதற்கும் முந்தையது. அசல் அண்ணன் கையில் இருந்தால் கவலைப்பட வேண்டாம். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துச் சான்றிட்ட நகல் வாங்கலாம். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத் துறை இணையதளத்தில் எடுக்கலாம்; மிகப் பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்திலேயே தேட வேண்டியிருக்கும். அண்ணன் ஏற்கெனவே விலை ஒப்பந்தமோ அடமானமோ பதிவு செய்திருந்தால் அதில் தெரிந்துவிடும். ஆகவே இதை முதல் வேலையாக எடுங்கள். பட்டா, ஏ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) ஆகியவையும் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றத்துக்கு முன்பு அப்பா பெயரில் இருந்த பட்டாவின் நகல் அல்லது அவர் பெயரில் கரம் (நிலவரி) கட்டிய ரசீது வீட்டில் எங்காவது இருக்கும், தேடச் சொல்லுங்கள். பிறகு அப்பாவின் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்தின் வாரிசுச் சான்றிதழ். அண்ணன் உங்கள் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதுவே முக்கியமான சான்று. பட்டா மாற்றத்தை எதிர்த்து வருவாய்க் கோட்ட அளவில், உங்களுக்குப் பத்மநாபபுரத்தில், மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. அதையும் வழக்கையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டுமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

மலையாளப் பிரமாணத்தை வாசிக்கத் தெரிந்த முதியவர் ஊரில் இருந்தால், சந்திப்புக்கு முன்பே அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதி வாங்குங்கள்: யார் யாருக்கு எழுதியது, எந்த ஆண்டு, எந்தச் சர்வே எண், எத்தனை சென்ட், நான்கு எல்லைகள். நீதிமன்றத்துக்கு முறையான மொழிபெயர்ப்பு பின்னால் தேவைப்படும். முதல் சந்திப்புக்கு இந்தச் சுருக்கம் போதும். எல்லாக் காகிதங்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கி, ஜெராக்ஸ் ஒரு கட்டு, அசல் ஒரு கட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். வக்கீலிடம் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். அசலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் நேரம் வரும்போது கொடுத்தால் போதும். அப்போதும் இன்னின்ன அசல்களைப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்குங்கள்.

கட்டின் மேலே இரண்டு தாள்கள் இருக்கட்டும். ஒன்றில் குடும்ப மரம்: தாத்தா முதல் உங்கள் பிள்ளைகள் வரை, யார் இருக்கிறார், யார் எப்போது இறந்தார். விட்டுப்போன ஒரு வாரிசால், சேர்க்க வேண்டியவரைச் சேர்க்கவில்லை என்று வழக்கே ஆட்டம் காணும். திருமணமாகிப் போன அத்தை, சிறுவயதில் வீட்டை விட்டுப் போன சித்தப்பா என்று எவரையும் விடாதீர்கள். இன்னொன்றில் தேதிக் குறிப்பு: அப்பா வாங்கிய ஆண்டு, உங்கள் திருமணம், அப்பாவின் இறப்பு, பட்டா மாற்றம், அண்ணன் முதன்முதலில் "உனக்குப் பங்கில்லை" என்று சொன்ன நாள். இந்தக் கடைசித் தேதி மிகவும் முக்கியம். கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளியின் அனுபவம் பொதுவாக எல்லோருக்காகவும் என்றே கருதப்படும். உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்துவிட்டுத் தனியாக அனுபவித்தார் என்றால் 12 ஆண்டுக் கணக்கு அங்கிருந்து ஓடத் தொடங்கியது என்று எதிர்தரப்பு வாதிடும். விளையில் இப்போது யார் பால் வெட்டுகிறார், ரப்பர் ஷீட் விற்ற பணம் யாருக்குப் போகிறது, உங்களுக்கு எப்போதாவது ஒரு பங்கு அனுப்பினாரா என்பதையும் எழுதுங்கள். அனுப்பியிருந்தால் அந்த வங்கிப் பதிவு பொன் போன்றது.

அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள். படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது, அந்தத் தொலைபேசியையே பத்திரமாக வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கு உரிய சான்று இணைக்க வேண்டும். மூலக் கருவி உங்கள் கையில் இருந்தால் அது எளிது.

சந்திப்பின்போது பாதகமானவற்றை முதலில் சொல்லுங்கள். கல்யாண நேரத்தில் ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? அது அப்பா உயிரோடு இருந்தபோதா, இறந்த பிறகா? பதிவானதா? இதை வைத்தே வழக்கின் போக்கு மாறும். அப்பா வீடு கட்ட அண்ணன் கடன் வாங்கிக் கொடுத்தாரா, கடைசிக் காலத்தில் மருத்துவச் செலவு யார் செய்தார், இதையும் மறைக்க வேண்டாம். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்ல வக்கீலுக்கு உரிமை இல்லை. அவருடைய குமாஸ்தாவுக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டு. குறுக்கு விசாரணையில் முதல்முறையாக வெளிவரும் உண்மைதான் வழக்கைக் கெடுக்கும். கூடப் போவதென்றால் விவரம் தெரிந்த ஒருவரை மட்டும் அழைத்துப் போங்கள். மாமா, சித்தப்பா என்று நான்கு பேர் போனால் அவர்கள் பேசுவார்கள், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நல்ல வக்கீல் உங்கள் பேச்சை நிறுத்திவிட்டு காகிதத்தை வாங்கிப் படிப்பார், கேள்வி கேட்பார், "இந்த இடத்தில் நமக்குப் பலவீனம் இருக்கிறது" என்பார். பத்திரத்தைத் திறக்காமலே "ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கை உண்மையில் நடத்தப் போவது அவரா, ஜூனியரா என்று கேளுங்கள். ஜூனியர் என்றால் தவறில்லை. அவரையும் அன்றே பார்த்துப் பேசிவிடுங்கள்.

கட்டணம் பேசக் கூச்சப்படாதீர்கள். வெல்லும் சொத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டது. அப்படிக் கேட்பவர் வேண்டாம். ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள்: பாகப்பிரிவினை வழக்கு இரண்டு கட்டமாக நடக்கும். உங்களுக்கு இத்தனை பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை ஒன்று. நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் வந்து அளந்து, இன்னார்க்கு இந்த இடம் என்று பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணை மற்றொன்று. முதல் கட்டத்தோடு வென்றுவிட்டோம் என்று வீட்டுக்குப் போய், ஒரு சென்ட் நிலத்தில்கூடக் கால் வைக்க முடியாமல் இருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. சொன்ன கட்டணம் இரண்டுக்கும் சேர்த்தா என்று தெளிவாகக் கேளுங்கள். நீதிமன்றக் கட்டணம், சம்மன் செலவு, ஆணையர் கட்டணம், நகல் செலவு எல்லாம் தனி. வழக்கைப் பார்த்து நீதிமன்றக் கட்டணம் மாறும். சொத்து கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்று சொல்லும் வழக்குக்கு அது குறைவு, உங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பணம் தடையாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குக்கு முன்பே சமரசத்துக்கு அண்ணனை அழைக்கவும் அவர்களால் முடியும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமாக முடிந்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பங்குத்தந்தையோ ஊர்ப் பெரியவர்களோ பேசி முடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்; உறவு மிஞ்சுவது பெரிய விஷயம். ஆனால் பேசி முடிந்ததைப் பாகப் பிரமாணமாக எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதியாத பாகப்பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

நீங்கள் திரும்பிப் போன பிறகு கையெழுத்துக்கும் ஆஜராவதற்கும் ஆள் வேண்டும். அதிகாரப் பத்திரத்தை (பவர் ஆஃப் அட்டார்னியை) இங்கே இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிப் பதிவு செய்துவிடுவது நல்லது. விடுமுறைக்கு முன்பே வழக்குப் போட வேண்டி வந்தால் தோஹாவில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். வழக்கு நடத்தும் அதிகாரத்தை மட்டும் கொடுங்கள். விற்கவும் சமரசம் செய்யவும் அதிகாரம் கொடுக்கும் வாசகம் இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். காணொலி வழியாகச் சாட்சியம் சொல்ல அனுமதி கிடைக்குமா என்றும் கேட்டு வையுங்கள்.

வழக்கு எண் விழுந்த அன்றே குமாஸ்தாவிடம் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (இ-கோர்ட்ஸில் வழக்கின் தனி அடையாள எண்ணை)க் கேட்டு வாங்குங்கள். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா, அன்று என்ன நடந்தது, அடுத்து என்ன கட்டம் எல்லாம் தெரியும். வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பு வக்கீலுக்கு ஒரு செய்தி அனுப்பி, அன்று என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள். தொடர்ந்து பதில் வரவில்லை என்றால் வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க எந்த வக்கீலுக்கும் உரிமை இல்லை என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.